பத்திலிருந்து பிடித்த டேப்

ஞானமணி டீச்சரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். பதினான்கு வருஷமாக அந்த அம்மாவுக்கு அளவு டேப் பிடித்துப் பிடித்து என் இடுப்பு போயிற்று. நான் டிராயிங் மாஸ்டர். பெயர் ரெங்கசாமி, ஊர் வல்லத்திராக்கோட்டை. பிள்ளைகளுக்கு மயிலும் மாம்பழமும் வரையச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்க வேண்டிய ஆள். என்னை இழுத்துக்கொண்டுபோய் வெயிலில், மணல் குழி ஓரத்தில், கையில் ஓர் இரும்புக் கம்பியோடு உட்காரவைத்த புண்ணியம் அவருடையது.

எங்கள் பள்ளிக்கூடம் கீரனூர்ப் பக்கம், நாளைக்கு ஆறு தடவை பஸ் வந்துபோகிற ஓர் ஊரில் இருக்கிறது. டீச்சர் அங்கே பி.டி. டீச்சர், விளையாட்டுச் சொல்லித்தருபவர். ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா பெயர் ஜெபமாலை, கடலை சாகுபடி செய்து பிழைத்தவர். ஐந்து பெண்களில் இவர் நான்காவது. படிக்கிற காலத்தில் கபடி ஆடியிருக்கிறார். நீளம் தாண்டுதலில் அவருடைய சொந்தச் சாதனை நான்கு மீட்டர் முப்பது. அதை யாரிடமும் மறைக்க மாட்டார். "எனக்குத் தாண்ட வராது சார். அளக்க வரும்" என்பார்.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் மைதானத்தில் பாதி சீமைக்கருவேலம். அதை வெட்டிக் குழி தோண்டியது பெரிய காரியமில்லை, மணலுக்குத்தான் திண்டாட்டம். ஆற்றில் அள்ளினால் போலீஸ் பிடிக்கும். எம்-சாண்ட் போடலாம் என்று எங்கள் ஹெச்.எம். சொன்னார். "அதுல விழுந்தா பிள்ளைக முட்டி, துருவுன தேங்கா மாதிரி ஆயிரும் சார்" என்று டீச்சர் ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் பழைய மணல் குவித்துக் கிடந்தாலும் நேரே போய் நின்று, ஆளுக்கு ரெண்டு சட்டி கேட்டார். மூக்காயி என்றொரு அம்மா அப்போதுதான் அடுப்படி எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தது. "ஏம்மா, எஞ் செவுரு ஒனக்கு வெளாட்டாப் போச்சா?" என்று கத்திவிட்டு, நாலு சட்டி போட்டது. இப்படியே இரண்டு வருஷம். குழி நிறைந்தது. இன்றைக்கும் தினம் காலை ஆறு மணிக்கு அதைக் கொத்திக் கிளறி, பீங்கான் சில்லு, ஆணி ஏதாவது கிடக்கிறதா என்று கையால் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் ஒரு பிள்ளையை ஓடவிடுவார்.

போட்டிகளில் பெண் டீச்சர்களுக்கு என்று ஒரு வேலை உண்டு. பரிசு கொடுக்கும்போது தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பது. முதல் வருஷம் இவர் கையிலும் தட்டைக் கொடுத்தார்கள். "நான் பரீட்சை எழுதி நடுவரா பாஸ் பண்ணியிருக்கேன். தட்டுத் தூக்க வரல. குழியக் குடுங்க" என்று கேட்டார். கொடுக்கவில்லை. அடுத்த வருஷமும் கேட்டார். மூன்றாவது வருஷம், போட்டி தொடங்குவதற்கு முன்னாலேயே போய்க் குழியைக் கொத்தி, மட்டம் தட்டி, காலை ஊன்றித் தாண்டும் பலகைக்குப் பக்கத்தில் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். எழுப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை. அன்றைக்கு முதல் எங்கள் மாவட்டத்தில் நீளம் தாண்டுதல் என்றால் ஞானமணி டீச்சர்தான்.

அளப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஓடிவருகிற பிள்ளை பலகையை மிதித்துத் தாண்ட வேண்டும். பலகையின் முன்விளிம்புதான் கோடு. விரல் நுனி அதைத் தாண்டினால் ஃபவுல். மணலில் விழுந்த தடங்களில் கோட்டுக்கு எது கிட்டத்தில் இருக்கிறதோ அங்கே நான் டேப்பின் முனையைக் கம்பியால் குத்திப் பிடிப்பேன். மறுமுனையைக் கோட்டின்மேல் இழுத்து வைத்து டீச்சர் வாசிப்பார். எழுதுகிறவர் எழுதுவார். கை பின்னால் ஊன்றினால் கைத்தடம்தான் கணக்கு. ஒருதடவை ஒரு பெண்ணின் ரெட்டைச்சடை ரிப்பன் பின்னால் மணலில் பட்டுவிட்டது. டீச்சர் அங்கிருந்துதான் அளந்தார். பெண்ணின் அப்பா சண்டைக்கு வந்தார். "சடை அவ ஒடம்புல ஒட்டித்தான இருக்கு? அப்ப அதுவும் நீங்க பெத்ததுதான்" என்றார் டீச்சர். அதிலிருந்து எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் சடையைத் தூக்கிக் கட்டிக்கொண்டுதான் குழிக்கு வரும்.

இப்போது டேப்புக்கு வருகிறேன். திருமயத்தில் ஒரு போட்டி. சாப்பிடப் போகும்போது டேப்பை ஒரு வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்தால் ஓர் ஆடு அதன் முனையை மென்றுகொண்டு நிற்கிறது. வளையம் போச்சு, முதல் ஏழு எட்டு சென்டிமீட்டரும் போச்சு. புது டேப் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். பத்து சென்டிமீட்டர்க் கோட்டை நான் தடத்தில் வைத்துக் குத்த வேண்டும். சரியாக வைத்துவிட்டேன் என்பதற்கு "பத்து!" என்று கத்த வேண்டும். அவர் வாசித்ததிலிருந்து பத்தைக் கழித்துவிட்டுச் சொல்வார். மூன்று வருஷம் இப்படித்தான் அளந்தோம். ஆயிரம் தடவையாவது "பத்து" என்று கத்தியிருப்பேன். வீட்டில் எத்தனை இட்லி வேண்டும் என்று கேட்டால்கூட வாயில் அதுதான் வரும் என்று என் வீட்டுக்காரி கேலி செய்வாள்.

போன வருஷம் புதுக்கோட்டையில் மாவட்டப் போட்டி. பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்கள். முதலிடம் வருகிற பிள்ளை மட்டும்தான் மாநிலப் போட்டிக்குப் போகும். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓட்டம், தாண்டுதல் எதிலுமே ஒரு பிள்ளைகூட மாநிலத்துக்குப் போனதில்லை. அந்த வருஷம் சோபியா இருந்தாள். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிற சார்லஸின் மகள், பத்தாம் வகுப்பு. அவள் ஓடிவருகிற சத்தத்தை வைத்தே தாண்டப்போவது எவ்வளவு என்று டீச்சர் சொல்லிவிடுவார். சொந்தப் பள்ளிப் பிள்ளைக்கே நடுவரா என்று கேட்காதீர்கள். மாவட்டத்தில் எல்லா நடுவரும் வாத்தியார்கள்தான். எந்தக் குழியிலும் யாரோ ஒருவருடைய பிள்ளை தாண்டத்தான் செய்யும்.

மூன்று சுற்று முடிந்தது. சோபியா ஐந்து மீட்டர் இரண்டு சென்டிமீட்டர் தாண்டி முதலில் இருந்தாள். முதல் எட்டுப் பேருக்கு இன்னும் மூன்று வாய்ப்பு. எட்டாவதாக ஒட்டிக்கொண்டவள் மிஸ்பா. மீமிசல் பக்கத்துப் பிள்ளை, மெலிந்த உடம்பு. முதல் இரண்டு தாண்டலும் ஃபவுல். மூன்றாவதில் பயந்துபோய்ப் பலகைக்கு ஒரு முழம் முன்னாலேயே எம்பிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் போட்டிச் செயலாளர் நிலவழகன் போட்டோகிராபரைக் கூட்டிக்கொண்டு வந்தார். புதுக்கோட்டையிலேயே ஒரு பள்ளியில் தலைமையாசிரியர், கஞ்சி போட்ட சட்டை கசங்காமல் நிற்கிற மனிதர். கையில் பளபளவென்று புது ஸ்டீல் டேப். "அந்த ஆடு தின்ன டேப்பத் தூக்கிப் போடுங்கம்மா. போட்டோவுல அசிங்கமா விழும்" என்றார். டீச்சர், "போட்டி நடுவுல டேப்ப மாத்தக்கூடாது சார்" என்றார். "டேப்பு டேப்புதானம்மா, அதுல என்ன?" என்று அவர் சிரித்தார். பின்னால் நாலு பேர் நின்றார்கள். பதினான்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் டீச்சர் விட்டுக்கொடுத்து நான் பார்த்தேன்.

நான்காம் சுற்றில் கடைசியில் இருப்பவள்தான் முதலில் தாண்ட வேண்டும். மிஸ்பா வந்தாள். இந்தத் தடவை பலகை சரியாகக் காலில் மாட்டியது. போய் விழுந்தாள். நான் புது டேப்பின் சைபரைத் தடத்தில் வைத்துக் குத்தினேன். வாய் திறந்தது. "பத்து!" டீச்சர் வாசித்தார், பத்தைக் கழித்தார், "நாலு தொண்ணூத்தெட்டு" என்றார். எழுதியாயிற்று. குழியை மட்டம் தட்டியாயிற்று.

அடுத்த பிள்ளைக்குக் குத்தும்போதுதான் கண்ணில் புது டேப்பின் வளையம் பட்டது. "சைபர்" என்று கத்தினேன். டீச்சரும் கழிக்காமல் சொன்னார். முந்தினதுக்கு என்னவென்று கத்தினேன்? சைபர் என்றுதான் கத்தியிருப்பேன், எட்டாவது பிள்ளைதானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மானங்கெட்ட சமாதானம். அதன்பிறகு ஒருத்தியும் ஐந்தைத் தாண்டவில்லை. மிஸ்பாவும்தான். சோபியா முதல், மிஸ்பா இரண்டாவது என்று மைக்கில் சொன்னபோது நான் டீச்சர் பக்கம் பார்க்காமல் டேப்பைச் சுருட்டினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் பிள்ளைகள் ஒரே கும்மாளம். சோபியா கழுத்தில் மெடலோடு ஜன்னல் ஓரத்தில் தூங்கிப்போனாள். கீரனூர் வருவதற்கு முன்னால் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே, அவர் என்னைத் திட்டிவிட்டு விட்டுவிடமாட்டாரா என்ற ஆசைதான் எனக்கு.

அவர் திட்டவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"சார், ஒங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா? சைபர்லதான குத்துனீங்க?"

"சைபர்லதான் டீச்சர். வாய்தான் பழக்க தோஷத்துல பத்துன்னுருச்சு."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. டேப்புல அஞ்சு மீட்டர் எட்டுன்னு பாத்தேன். அட, அஞ்சைத் தாண்டிட்டாளேன்னு நெனச்சேன். அப்புறம் பத்தைக் கழிக்கிறப்ப, பாவம், தப்பிப்போச்சேன்னு தோணுச்சு." தூங்குகிற சோபியாவைத் திரும்பிப் பார்த்தார். "அவதான் சார் ஜெயிச்சிருக்கா."

"யாரும் ப்ரொடெஸ்ட் குடுக்கல டீச்சர். அதுக்குக் குடுத்த முப்பது நிமிஷம் எப்பவோ முடிஞ்சு..."

"ப்ரொடெஸ்டுங்கிறது அந்தப் பிள்ளைக குடுக்குறது. தப்புப் பண்ணது நம்ம. நமக்கு ஏது முப்பது நிமிஷம்?"

மறுநாள் காலையில் சோபியாவின் ஊருக்குப் போனோம். பிள்ளை வேறு யார் வாயிலிருந்தும் கேட்கக்கூடாது, முதலில் நாமே சொல்ல வேண்டும் என்பது டீச்சரின் பிடிவாதம். பஸ் ஸ்டாப்பில் இறங்கினால் தலைக்கு மேலே பிளெக்ஸ்! ராத்திரியோடு ராத்திரியாக அடித்துக் கட்டியிருக்கிறார்கள். 'மாநிலப் போட்டிக்குச் செல்லும் எங்கள் மண்ணின் மகளே, வருக வருக'. பத்தடி உயரத்துக்குச் சோபியா. கீழே ஓரத்தில் வட்டத்துக்குள் டீச்சரின் படம். எனக்கு அப்படியே அடுத்த பஸ்ஸில் ஏறிவிடலாமா என்றிருந்தது. டீச்சர் அதை ஒருதடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு நடந்தார்.

சார்லஸ் எங்களைப் பார்த்ததும் சிரித்த முகமாக நாற்காலி எடுத்துப் போட்டார். டீச்சர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். என் வாய் பண்ணிய தப்பைக்கூட "நாங்க ரெண்டு பேரும் பண்ண தப்பு" என்றுதான் சொன்னார். சார்லஸுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தாம்தூம் என்று குதித்தார்.

"அவுங்களே கேக்கல. நீங்க எதுக்குங்க போயிச் சொல்றீங்க? நீங்க எங்க பக்கமா, இல்ல அங்கிட்டா?"

"நான் குழி பக்கம், சார்லஸ் அண்ணே."

"நல்லாருக்கு நாயம்! எம் பிள்ளை வயித்துல அடிச்சுப்புட்டு..."

சோபியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்ல டீச்சர்" என்றாள்.

"இருந்திருக்கலாம்" என்றார் டீச்சர்.

வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏதாவது ஆறுதலாகச் சொல்லித்தொலையுங்களேன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சோபியா கழுத்து மெடலைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நான் வாசலுக்கு வந்தேன்.

இருவரும் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு நேரே புதுக்கோட்டைக்குப் போய் நிலவழகனின் அறையில் நுழைந்தபோது மணி பத்தரை. டீச்சர் பஸ்ஸிலேயே கடிதம் எழுதி வைத்திருந்தார். அதை நிலவழகன் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, ரிசல்ட் பேப்பர்லயே வந்துருச்சு. ஆன்லைன்ல பேரு ஏத்தியாச்சு. இன்னைக்கு அஞ்சு மணியோட அந்தப் பக்கத்தையே மூடிருவாங்க. இப்ப வந்து இப்படின்னா?"

"அஞ்சு மணிக்குத்தான சார் மூடுறாங்க? இன்னும் நேரம் இருக்கு."

"சரி, ஒண்ணு செய்வோம். ரெண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு மறுபடி தாண்டச் சொல்வோம். யாரு ஜாஸ்தியோ அவ போகட்டும்."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. டீச்சர் தலையை ஆட்டினார். "அந்தப் பிள்ளை ஒருதடவை தாண்டிட்டா சார். எங்க தப்புக்கு அவ எதுக்கு மறுபடி தாண்டணும்?"

நிலவழகன் கோபம் வந்து எழுந்துவிட்டார். இந்தக் கடிதத்தை வாங்கினால் டீச்சரும் நானும் ஒரு வருஷம் எந்தக் குழிக்கும் போக முடியாது, போட்டிக் குழுவில் அப்படித்தான் முடிவெடுப்பார்கள் என்றார். "முடிவெடுக்கட்டும் சார்" என்றார் டீச்சர். யோசிக்கக்கூட இல்லை. எனக்குத்தான் திக்கென்றது. வெயிலில் உட்காருவதை அவ்வளவு திட்டியவன், அது இல்லை என்றதும் ஏன் வருத்தப்பட்டேன் என்று தெரியவில்லை.

"நீங்க மாத்துற வரைக்கும் நான் இங்கிட்டே உக்காந்திருக்கேன்" என்று டீச்சர் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றால் உட்கார்ந்ததுதான். பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து எனக்கும் பாதி புளிச்சோறு கொடுத்தார். நிலவழகன் நாலைந்து பேருக்கு போன் போட்டார். ஒரு மணிக்கு வெளியே வந்து, பெயர் ஏற்றிய பிள்ளையின் பெற்றோர் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மாற்றலாம் என்று குழுவில் சொல்லிவிட்டதாகச் சொன்னார். சொல்லும்போதே அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எந்தத் தகப்பன் போடுவான்?

டீச்சர் சார்லஸுக்கு போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுத்து, "வைங்க" என்று கத்திவிட்டு வைத்தார். மணி இரண்டு. இரண்டரை. "டீச்சர், நம்மளால ஆனது இவ்வளவுதான். கெளம்புவோம்" என்றேன். "அஞ்சு ஆகட்டும் சார்" என்றார். கையில் போனை வைத்துப் பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை போட்டுக்கொண்டே இருந்தார். அவர் உதடு வறண்டு போயிருந்தது.

நாலு மணிக்குக் குட்டியானை வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து பள்ளிச் சீருடையோடு சோபியா இறங்கினாள். பின்னாலேயே சார்லஸ், யாரையும் பார்க்காமல்.

சோபியா நேரே டீச்சர் முன்னால் வந்து நின்றாள். "நேத்து நான் தாண்டுனது அஞ்சு மீட்டர் ரெண்டு. அதாச்சும் சரியா அளந்தீங்களா?"

"சரியா அளந்தேன்."

"அது எந்த டேப்பு?"

"பழசு. சார் பத்துல பிடிச்சாரு. நான் கழிச்சேன்."

என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை முன்னால் அவ்வளவு கூனிக்குறுகி நான் நின்றதே இல்லை.

"நான் ஸ்டேட்டுக்குப் போனா, நீங்க கூட வருவீங்க. மொகத்தத் தொங்கப்போட்டுட்டே நிப்பீங்க. நான் நல்லாத் தாண்டுனாலும் ஒங்களுக்குச் சந்தோஷமா இருக்காது. அப்படி ஒண்ணும் எனக்குப் போக வேணாம்" என்றாள். இப்போதுதான் அழுதாள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். "அப்பா, போடுங்க."

"எழுதிக்கங்க சார்" என்றார் சார்லஸ் நிலவழகனிடம். "நான் போடல. எம் பிள்ளை போடச் சொல்றா, அதனால போடுறேன்." பேனா பேப்பரைக் கிழித்துவிடும்போல அழுத்திக் கையெழுத்துப் போட்டார். நாலு நாற்பதுக்கு ஆன்லைனில் பெயர் மாறியது. டீச்சர் திரையைக் குனிந்து பார்த்து, மிஸ்பாவின் பெயர், பள்ளி, பிறந்த தேதி எல்லாம் சரியா என்று இரண்டுமுறை வாசித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

அன்று மாலையே மிஸ்பாவின் அம்மா ரோஷன் பேகத்துக்கு போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். டீச்சர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"நேத்து வீட்டுக்கு வந்ததும் சொன்னா, 'ம்மா, நான் அஞ்சைத் தாண்டிட்டேன், அவங்கதான் கொறச்சுச் சொல்லிட்டாங்க'ன்னு. நான்தாங்க நம்பல. தோத்துட்டு வந்து பொய் சொல்றியாடின்னு அடிச்சுப்புட்டேன்" என்றது அந்த அம்மா. "எம் பிள்ளைய அடிச்சுப்புட்டேங்க."

டீச்சர் போனை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். பிறகு சட்டென்று குரலைச் சரிசெய்துகொண்டு, ஸ்டேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மிஸ்பாவின் பள்ளியில் பி.டி. டீச்சரே கிடையாது. பொம்பளைத் துணை இல்லாமல் அனுப்ப வீட்டில் மனசில்லை. "நான் கூட்டிட்டுப் போறேன். பத்திரமாக் கொண்டாந்து விடுறேன்" என்றார் டீச்சர்.

எங்கள் ஊரில் அது எடுபடவில்லை. சொந்தப் பிள்ளையை விட்டுவிட்டு ஊரான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று காதுபடவே பேசினார்கள். அந்த பிளெக்ஸை யாரும் கழற்றவில்லை. சோபியா தினமும் அதற்குக் கீழே நின்றுதான் பஸ் ஏறினாள். காலைப் பயிற்சிக்கு அவள் வரவே இல்லை. டீச்சர் தன்பாட்டுக்கு ஆறு மணிக்கு வந்து குழியைக் கொத்துவார், துழாவுவார், மட்டம் தட்டுவார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "ஒரு வார்த்த வாடின்னு கூப்பிடுங்களேன் டீச்சர்" என்றேன். "அவளுக்குக் கோவம் இருக்கு சார். கோவப்படுறதுக்கு அவளுக்குப் பாத்தியதை இருக்கு. நான் குழியத் தயாரா வச்சிருக்கேன். அம்புட்டுத்தான் என்னால ஆகும்" என்றார்.

மாநிலப் போட்டியிலிருந்து டீச்சர் திரும்பிய மறுநாள் நான் மைதானத்துக்குப் போனபோது குழியில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. கொத்திக்கொண்டிருந்தவள் சோபியா. டீச்சர் ஓரத்தில் நின்றிருந்தார்.

"எவ்வளவு தாண்டுனா?" என்று நிமிராமலே கேட்டாள்.

"அஞ்சு இருபத்தொண்ணு. ஏழாவது."

"அழுதாளா?"

"இல்ல. பசிக்குதுன்னா. மூணு பரோட்டா தின்னா."

சோபியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகத்தை இறுக்கிக்கொண்டாள். "தெனமும் அவளத் திட்டிக்கிட்டே இருந்தேன் டீச்சர்."

"எங்களையும் சேத்துத் திட்டியிருக்கலாம்ல?"

"ஒங்களையுந்தான் திட்டுனேன். சார ரொம்ப."

எனக்கு அது தேவைதான். சோபியா மண்வெட்டியை ஓரமாகப் போட்டாள். "அஞ்சு இருபத்திரண்டுல ஒரு குச்சி நட்டு வைங்க சார்" என்றாள்.

அளந்து நட்டேன். முதல் தாண்டல் குச்சிக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது. இரண்டாவது நாலு விரல். மூன்றாவதற்கு அவள் வெகுநேரம் நின்றாள். பிறகு ஓடிவந்தாள். அப்படி ஓர் ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. பலகையில் கால் பட்ட சத்தம் டப்பென்று கேட்டது. குச்சிக்கு அந்தப் பக்கம், நன்றாகவே அந்தப் பக்கம் போய் விழுந்தாள். வயசை மறந்து நான் குதித்தே விட்டேன். "தாண்டிட்டா! டீச்சர், தாண்டிட்டா!"

டீச்சர் தரையோடு தரையாகக் குனிந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபவுல்" என்றார்.

"டீச்சர்! இது பிராக்டிஸ்தான? பிள்ள இத்தன நாள் கழிச்சு..."

"கட்டவெரல் நுனி வெளிய போயிருச்சு சார். ஃபவுல்."

எனக்கு வந்த கோபத்தில் கம்பியைத் தூக்கி எறிந்திருப்பேன். சோபியா மணலில் உட்கார்ந்தபடி டீச்சரைப் பார்த்தாள். முன்னெல்லாம் ஃபவுல் என்றால் நேரே பலகைக்கு ஓடிவருவாள். மண்டிபோட்டுப் பார்த்து, படவே இல்லை என்று கால் மணி நேரம் வழக்காடுவாள். இப்போதும் வரத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் எழுந்தாள். முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாள். "சரி டீச்சர்" என்றாள். பலகைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஓட்டம் தொடங்குகிற இடத்துக்கு நடந்தாள்.